முகம் தெரிய, சத்தமாக

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். "என் தங்கை ஷிம்லாவை நிக்காஹ் செய்துகொடுக்க உங்களுக்கு வக்காலத் தருகிறேன்." அவ்வளவுதான். ஜப்பானில் ஒன்றரை என்றால் இலங்கையில், எங்கள் கண்டக்குழியில், காலை பத்து மணி.

வாப்பா மௌத்தாகி நாலு வருடம். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே அவளைக் கொடுக்கும் உரிமைக்காரன், வலி, நான்தான். ஊருக்குப் போக வழியில்லை. மொழிப் பள்ளிக்கூடத்தை ஏப்ரலில் விட்டுவிட்டேன். மாணவர் விசாவில் மிச்சமிருப்பது மூன்று மாதம். ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

என் உரிமையை, அந்த வக்காலத்தை, வாங்கி நிக்காஹ் செய்துவைக்கும் காதியார் ஒரு வழி சொன்னார். நான் வீடியோவில் வரவேண்டும், முகம் தெரியவேண்டும், இரண்டு சாட்சிகளுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லவேண்டும். அது முடியாவிட்டால், வலி எட்டாத இடத்தில் இருக்கிறார் என்று எழுதிவிட்டு அவரே செய்துவைப்பார். மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஷிம்லாவிடம் இல்லை.

"காதி குடுத்தா நான் ஆரும் இல்லாத புள்ள மாதிரி நானா," என்று அண்ணனான என்னிடம் வெள்ளிக்கிழமை சொன்னாள். "மாப்புள ஊட்டு ஆக்கள் இப்பவே கேக்கிறாங்க, நானான்னு ஒருத்தர் மெய்யாவே ஈக்கிறாரா, இல்ல ஃபோட்டோ மட்டுமான்னு."

"நான் சொல்றன்."

"சத்தியமா?"

"ஒரு வசனம் சொல்ல எனக்கு ஏலாதா?"

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தேன். எட்டு மணித்தியாலம் சோற்றுப் பெட்டிகளில் கரட் துண்டு வைத்திருந்தேன். ஒரு பெட்டிக்கு ஒரு துண்டு, பூ வடிவம், பூ மேல்பக்கம் பார்க்கவேண்டும். வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பல்கனியில் போட்டுவிட்டுப் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு எழும்பினால் சட்டை இல்லை. எட்டிப் பார்த்தேன். காற்று அதைக் கீழ்வீட்டுக்காரியின் பூச்சட்டிகளுக்கு மேல் போட்டிருந்தது.

ஃபோனை எடுத்துக்கொண்டு, உடுத்திருந்த சாரத்தோடு இறங்கினேன். ஃபோன் மொழிபெயர்க்கும், நான் கையால் காட்டுவேன். அந்த அம்மா சட்டையை மடித்து இரண்டு கையாலும் தந்தாள். தந்ததோடு மன்னிப்பும் கேட்டாள். என் சட்டை விழுந்ததற்கு அவள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் பதிலுக்குக் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். மேலே வந்தால் கதவு பூட்டியிருந்தது. எங்கள் கதவின் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அது அமுங்கியிருக்கும்போது கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறப்பு உள்ளே மேசையில்.

மற்றத் திறப்பு நஜாத்திடம். எங்கள் பக்கத்து ஊர்க் கனமூலைக்காரன், என் அறைக்கூட்டாளி, பழைய வாகனம் ஏற்றுமதி செய்யும் யாட் ஒன்றில் ஞாயிறும் வேலை. அவனுக்கு அடித்தேன்.

"வா. மூணாவது டேஷன். பத்து நிமிஷம்," என்றான். "ஒஃபீஸ் ரூம் சும்மாதான் கெடக்கு. அங்க இருந்தே கதைக்கலாம். நல்ல வைஃபை. பின்னால ஒரு பூச்சாடியும் ஈக்கி, கல்யாண ஊட்டுக்குப் பொருந்தும்."

"சாரத்தோட வாறன்."

"வீடியோவுல இடுப்புக்குக் கீழ ஆர்டா பாக்கப் போறான்?"

ஈரச் சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு வண்டி நின்றது, ஏறிவிட்டேன். மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு வருவது எல்லா இடத்திலும் நிற்கும் வண்டி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு நேர அட்டவணை என்பது கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது. இது கடுகதி. நஜாத்தின் ஸ்டேஷன் யன்னலில் வந்தது, பெயர்ப்பலகையை வாசிக்க முன்னர் போய்விட்டது. அடுத்து நிற்க இருபத்திரண்டு நிமிடம். அங்கே இறங்கினால் ஒன்று ஐந்து. பிளாட்ஃபாரத்திலேயே நின்று பேசலாம். நேரம் கிடந்தது. இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஃபோன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. உம்மாவின் தங்கையைக் கட்டிய மஸாஹிர் சாச்சா.

ரயிலில் ஃபோன் பேசக்கூடாது. அது சட்டமில்லை, பழக்கம். நான் வந்த முதல் வாரத்தில் ரயிலில் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் எழும்பி வந்து என் முன்னால் நின்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தை விரலால் காட்டினார். ஃபோனுக்கு மேல் சிவப்புக் கோடு. பிறகு தலையைக் குனிந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அழைப்பை வெட்டினேன். 'ரயிலில். இன்னும் பத்து நிமிடம்' என்று எழுதி அனுப்பினேன்.

சாச்சா குரலில் பதில் அனுப்பினார். ஃபோனைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டேன். "காதியாருக்குப் பத்து மணிக்குப் புத்தளத்துல திடீர்னு இன்னொரு நிக்காஹ் மகன். நேரத்தோட வந்துட்டாரு. இப்பவே முடிக்கணுமாம். எடு ஃபோன."

திரும்ப அதிர்ந்தது. இந்தமுறை எடுத்தேன். எங்கள் வீட்டு முற்றம் தெரிந்தது. தறப்பாள் கட்டியிருந்தார்கள். கண்டக்குழிக் காற்று அதைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. பாயில் காதியார், பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் ஆக்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றேன், வாயைக் கையால் மறைத்து.

"தம்பி, கேக்குதில்ல," என்றார் காதியார். "காத்து. சத்தமாச் சொல்லுங்க."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எதிரே இருந்த பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"கைய எடுங்க தம்பி, மொகம் தெரியல. சாட்சிக்கும் கேக்கணும்."

"ஒரு நிமிஷம்," என்று எழும்பினேன்.

பெட்டியின் கோடியில் கழிப்பறை இருந்தது. கதவோடு, பூட்டோடு, சுற்றிவரச் சுவரோடு. அந்த வண்டியில் ஒரு மனிதன் வாய் திறந்து பேசக்கூடிய ஒரே இடம். யோசிக்கவில்லை. உள்ளே போய்ப் பூட்டினேன். ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்து, வண்டிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன்.

"இப்ப கேக்குதா?"

"ஆ, இப்ப நல்லாக் கேக்குது," என்றார் காதியார். "பிஸ்மி சொல்லித் தொடங்குங்க."

வாயைத் திறந்தேன். வண்டி வளைவில் சாய்ந்தது. என் முதுகு சுவரில் இருந்த எதிலோ பட்டது. பின்னால் தண்ணீர் பெரிய சத்தத்தோடு அடித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒருவர் கழுத்தை நீட்டினார்.

"யா அல்லாஹ். அது கக்கூஸ் எலுவா!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். காதியார் சிரிக்கவில்லை.

"அஸ்தக்ஃபிருல்லாஹ். தம்பி, அந்த எடத்துல நின்டு அல்லாட பேர சொல்ல ஏலுமா? வெளிய வாங்க. வெளிய வந்து சொல்லுங்க."

"வெளிய கதைக்க ஏலாது ஹஸரத். இங்க ரயில்ல..."

"கதைக்க ஏலாதா? ஏன், புடிச்சு அடைப்பாங்களா?"

"இல்ல."

"அப்ப?"

நான் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்தபடி தகப்பன் ஒருவர் காத்து நின்றார். நான் குனிந்தேன். அவர் குனிந்தார். வழிவிட்டு ஒதுங்கும்போது சாரம் கதவில் மாட்டி அவிழப் பார்த்தது, ஃபோன் பிடித்த கையாலேயே இடுப்பைப் பிடித்தேன். விரல் பட்டு அழைப்பு நின்றுவிட்டது.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். நாலாவது முறை உம்மா எடுத்தா. படம் வரவில்லை, குரல் மட்டும்.

"முடிஞ்சிது மகன்."

"என்ன முடிஞ்சிது?"

"காதியார் செஞ்சி வெச்சிட்டாரு. ஒன்ன எட்ட ஏலாதுன்னு எழுதினாங்க. என்ன செய்ய, அவருக்கு நேரம் பெய்த்து."

"எட்ட ஏலாதா? இப்பதானே உம்மா கதைச்சேன்! முகத்தப் பாத்தாங்களே! ஃபோன சாச்சாட்ட குடுங்க."

சாச்சா வந்தார். "என்னடா கத்துறா? கல்யாண ஊடு இது."

"ரெண்டு நிமிஷம் பொறுக்க ஏலாதா உங்களுக்கு? ரெண்டே நிமிஷம்!"

"நீதான்டா ஃபோன வெட்டினா. மொதல் தரம் வெட்டினா, பொறகும் வெட்டினா. நாங்க ஒன்னப் பாத்துட்டு இருக்கிறதா, காதியார வழியனுப்புறதா? கக்கூஸ்ல இருந்து தங்கச்சியக் கல்யாணம் கட்டிக் குடுக்கிற மனிசன நான் என்ட ஆயுசுல கண்டதில்ல."

"எழுதினத வெட்டச் சொல்லுங்க. நான் இப்ப சொல்றன். அவர நிப்பாட்டுங்க!"

"வேன்ல ஏறிட்டாரு."

"அப்ப வேன மறிங்க!"

"போடா விசரா."

நான் கத்தினேன். வாப்பாவின் பெயரை இழுத்தேன். வெள்ளைக்காரர்களை வேனில் பட்டம் விடும் கடற்கரைக்கு ஏற்றி இறக்கச் சாச்சாவுக்குப் பொறுமை இருக்கிறது, எனக்கு இரண்டு நிமிடம் இல்லையா என்று கேட்டேன். இன்னும் சொன்னேன், எழுதத் தேவையில்லாதவை. பெட்டியின் நடுவில், ஈரச் சட்டையோடு, சாரத்தை ஒரு கையில் பிடித்தபடி நின்று, தொண்டை கிழிய.

யாரும் எழும்பி வரவில்லை. யாரும் ஸ்டிக்கரைக் காட்டவில்லை. புத்தகம் வைத்திருந்த பெண் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். கழிப்பறை வாசலில் நின்ற பிள்ளை மட்டும் என்னைப் பார்த்தது, தகப்பன் மெதுவாக அதன் தலையை மறுபக்கம் திருப்பிவிட்டார்.

மறுமுனையில் சாச்சாவின் சத்தம் நின்றது. யாரோ ஃபோனை வாங்கினார்கள்.

"நானா."

ஷிம்லா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"இப்பயும் ரயில்லதான் நிக்கிறீங்களா?"

"ஓம்."

"ஆக்கள் ஈக்கிறாங்களா?"

"ஓம்."

"ஒங்கட சத்தம் எனக்குக் குசினிக்குள்ள கேட்டிச்சு," என்றாள். "சாச்சாவோட சண்ட புடிக்க இவ்வளவு சத்தம் வருது. அந்த ஒரு வசனத்துக்கு வரல்லயா?"

அந்தக் கிழவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். சிவப்புக் கோட்டைப் பற்றி, இரண்டு வருடத்தில் இந்த நாட்டில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடத்தைப் பற்றி. கல்யாண வீட்டுக்குச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

"மாப்புள ஊட்டார் சாப்பிட உக்காந்துட்டாங்க," என்றாள். "நான் வெக்கிறன்."

வைத்துவிட்டாள்.