பெரிய கவுதாரி

அரியமுத்துவின் உடம்புக்குள் இருந்த நாற்பத்தோரு ரவைக் குண்டுகளும் ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க நகர்ந்தன. சாதாரண வாரத்தில் அரை நூல் அளவு (எட்டு நூல் ஒரு அங்குலம்), தேர்தல் கூட்டம் போட்ட வாரத்தில் ஒரு நூல், ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் அந்த நிகழ்ச்சி வந்த வாரத்தில் மூன்று நூல். எல்லாம் ஒரே திசையில், இருதயத்தைப் பார்த்து. திங்கட்கிழமைதோறும் எக்ஸ்ரே எடுத்தவர் பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்து அளந்து ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் மட்டும் முதல் மாதம் மிஷின் கோளாறு என்றார். மிஷினை மாற்றினார்கள். புது மிஷினிலும் குண்டுகள் நடந்துகொண்டுதான் இருந்தன.

சுட்டது முன்னாள் மந்திரி குருநாதன். 2006-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம், உடையார்பாளையத்துக்குக் கிழக்கே முந்திரிக்காட்டில், காலை ஏழு மணி இருக்கும். வேட்டைக்குத் தடை இருக்கிறதே என்று கேட்பீர்கள். தடை இருக்கத்தான் செய்தது. மந்திரி ஜீப்பும் வருஷா வருஷம் வரத்தான் செய்தது. அவருக்குக் கவுதாரிக் கறி இல்லாமல் தை கழியாது. அரியமுத்து அந்த ஊர்க் காலனி ஆள், முப்பத்தெட்டு வயசு, கூலி வேலை. கவுதாரி மாதிரியே கத்துவான். புதருக்குள் குந்தி அவன் குரல் கொடுத்தால் நாலு திசையிலிருந்தும் நிஜக் கவுதாரிகள் பதில் கொடுத்துக்கொண்டு ஓடிவரும். அப்படிக் கத்துகிற ஆள் தலையில் வெள்ளைத் துண்டு கட்டியிருக்க வேண்டும், துப்பாக்கிக்காரன் கண்ணுக்கு மனுஷன் என்று தெரிய. அது வேட்டைச் சட்டம். பெரிய மனுஷன் எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக் குனிய வேண்டும். அது ஊர்ச் சட்டம். மேற்கே நிற்க வேண்டிய மந்திரி அன்றைக்கு ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டுக் கிழக்குப் பக்கமாக வந்து தொலைத்தார். அரியமுத்து பார்த்தான். கை தானாகத் துண்டை அவிழ்த்தது, முதுகு தானாக வளைந்தது. மந்திரியின் கண்ணுக்குப் புதரோரம் மண் நிறத்தில் என்னவோ அசைந்தது. மரியாதை கொடுத்ததற்கு அவனுக்குக் கிடைத்தது இடது கண்ணிலும் கழுத்திலும் வலது தோளிலுமாக நாற்பத்தோரு ரவை.

ஆஸ்பத்திரி வாசலில் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். குருநாதன் ராத்திரித் தூக்கம் கெட்ட முகத்தோடு, வாய்க்கு வந்ததைச் சொன்னார். "பெரிய கவுதாரின்னு நெனச்சுட்டேன். என்னடா இது, இவ்வளவு பெருசா இருக்கேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆசை யாரை விட்டுச்சு?" அவ்வளவுதான். துண்டு விஷயத்தை ஒருத்தரும் கேட்கவில்லை, யாரும் எழுதவும் இல்லை.

அன்று சாயங்காலமே செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர்கள் ஒருவரை ஒருவர் 'என்ன பெரிய கவுதாரி, சௌக்கியமா' என்று விசாரித்துக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர் படியில் தொங்கியவர்களை 'பெரிய கவுதாரியெல்லாம் உள்ளே தள்ளி நில்லு' என்றார். ஒரு வாரப் பத்திரிகை கார்ட்டூன் போட்டது: குருநாதன் ஓட்டுக் கேட்டு வருகிறார், ஜனங்கள் எல்லாரும் 'நாங்கள் மனிதர்கள்' என்று கழுத்தில் அட்டை மாட்டி நிற்கிறார்கள். 'கவுதாரியைப் பெரிதாக்கியது துப்பாக்கியா, மூக்குக்கண்ணாடியா' என்று பெரம்பலூரில் பட்டிமன்றம் நடந்து, தீர்ப்பு கண்ணாடிக்குப் போனது. டி.வி. நிகழ்ச்சியில் ஒரு குண்டு நடிகர் தலையணையை வயிற்றில் கட்டி மந்திரியாக வந்தார். இன்னொருத்தர் உடம்பெல்லாம் இறக்கை ஒட்டிக்கொண்டு அரியமுத்துவாக வந்து பொத்தென்று விழுந்தார். ஊர் உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. அந்த வாரம் குண்டுகள் மூன்று நூல் நகர்ந்தன.

குண்டுக்கும் சிரிப்புக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் கண்டுபிடித்தது அவன் பொண்டாட்டி ஆண்டாயி. ஆஸ்பத்திரி வார்டில் டி.வி. ஓடும்போது, அவன் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவள். கூட்டம் 'ஓ'வென்று சிரித்த நேரத்தில், உள்ளே மணிலாக்கொட்டை உருள்வது மாதிரி என்னவோ உருண்டது. அப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. ஆறு வயசு மகள் கவியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, எதிர்க்கட்சி ஆபீசுக்குத்தான் முதலில் போனாள், அவர்கள்தான் நியாயம் கேட்கிறவர்கள் என்று. கட்சிச் செயலாளர் சிங்காரவேலு நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான்.

"நாங்க உங்க பக்கம்மா. அந்தாளைப் பாத்துத்தானே சிரிக்கிறோம், உங்க வூட்டுக்காரரைப் பாத்தா சிரிக்கிறோம்?"

"யாரைப் பாத்து சிரிச்சாலும் இங்கதாங்க சார் வந்து இறங்குது" என்று ஆண்டாயி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் கண் கலங்கிப்போய், அடுத்த கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றி, 'இதோ கவுதாரியின் துணைவியார்' என்று அறிமுகப்படுத்தினார். அனுதாபத்தோடுதான் சொன்னார். கூட்டம் ஐந்து நிமிஷம் சிரிப்பை நிறுத்தவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை பார்த்துச் சிறுவாச்சூர் காளியிடம் போய், அம்மா, ஜனங்க வாயை நீதான் மூடணும் என்று வேண்டினாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அதே கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காளிக்கும் வேலை அதிகம், என்ன செய்வாள் பாவம்.

குருநாதன் கெட்டிக்காரர். ஜனங்கள் எதற்குச் சிரிக்கிறார்களோ அதைத் தானே எடுத்துக்கொண்டால் தீர்ந்தது என்று அவருக்குப் பட்டது. ஒரு கூண்டில் இரண்டு கவுதாரிகளைப் போட்டுப் பிரச்சார ஜீப்பின் முன்னால் கட்டினார். "எனக்கு ஓட்டுப் போடாதவங்க குனிஞ்சு நடக்காதீங்க, எனக்குக் கண்ணு சரியில்லை" என்று மைக்கில் பேசினார். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் பெருந்தன்மை என்று ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதியது. பழம், ஹார்லிக்ஸ், போட்டோக்காரர் சகிதம் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். கட்டிலருகே நின்று அதே ஜோக்கை அவனிடமே சொன்னார். பெரிய மனுஷன் ஜோக்குச் சொன்னால் சிரிக்காமல் இருக்க முடியுமா? அரியமுத்து கட்டுப்போட்ட முகத்தோடு பல்லைக் காட்டினான். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம் வந்தது. தேர்தலில் குருநாதன் போன தடவையைவிடப் பதினோராயிரம் ஓட்டு கூடுதலாக வாங்கி ஜெயித்தார். அந்த நாசமாய்ப் போன படத்துக்கு அதில் பாதி ஓட்டாவது இருக்கும்.

எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த மதார் பாயிடம்தான் கடைசியில் ஆண்டாயி போனாள். லப்பைக்குடிக்காட்டுக்காரர், தங்கமான மனுஷர். அவர் தம்பி துபாயிலிருந்து போன் பண்ணி இதே ஜோக்கைச் சொன்னபோது, "ஹராமுடா, ஒரு மனுஷன் உசுரு அது" என்று திட்டிப் போனை வைத்தவர். அதற்குள் அரியமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குண்டுகளை எடுத்தால் ஆள் போய்விடுவான், விட்டால் எப்போது என்று தெரியாது என்று கணக்கு. மதார் பாய் பேப்பரும் பேனாவுமாக வீட்டுக்கே வந்து, அவன் சொல்லச் சொல்ல எல்லாப் பத்திரிகைக்கும் ஒரு கடிதம் எழுதினார். 'ஐயா, நான் கவுதாரி அல்ல, அரியமுத்து. தயவு செய்து சிரிப்பதை நிறுத்தவும்.' எழுதி முடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டும்போது, பாவி மனுஷருக்கு அடக்க முடியவில்லை. அழுகையை அடக்குகிற மாதிரிதான் வாயைப் பொத்தினார், வந்தது சிரிப்பு. அரியமுத்து கட்டிலில் துடித்துப்போனான். மறுநாள் எக்ஸ்ரேயில் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. மதராஸில் ஆயிரம் பேர் சிரிப்பதைவிடப் பக்கத்தில் ஒருத்தர் சிரிப்பதற்கு வேகம் அதிகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மதார் பாய் அல்லாவிடம் தவ்பா செய்து, மன்னிப்புக் கேட்டு அழுதார். அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே அவர் வரவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பு கிடையாது. எந்தச் சிரிப்பு எதற்கானது என்று குண்டுக்குத் தெரியுமா, எதற்கு வம்பு என்று ஆண்டாயி மொத்தமாகவே தடை போட்டுவிட்டாள். விருந்தாளிகளை வாசலிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பினாள். ஆவணியில் வேறு ஒரு தலைவர் வேறு எதையோ உளறிவைக்க, ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அடுத்த எக்ஸ்ரேயில் குண்டுகள் நின்றிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் போன ஒன்று மட்டும் இருதயத்துக்கு ஒரு நெல் தூரத்தில். "அப்படியே இருந்தா எண்பது வயசு வரைக்கும் இருக்கலாம். வூட்ல பாத்து நடந்துக்குங்க" என்றார் டாக்டர். ஆண்டாயி பார்த்துத்தான் நடந்தாள்.

பிள்ளைதான் கெட்டது. கவியா முதலில் சிரிப்பு வந்தால் தெருக்கோடிக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்தப் பழகினாள். ஒரு வருஷத்தில் பொத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 2007 பங்குனியில் ரத்தினம்மாள் டீச்சர் ஆண்டாயியைக் கூப்பிட்டுவிட்டு, "கிச்சுக்கிச்சு மூட்டினாக்கூட உங்க புள்ளை சும்மா பாக்குதும்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றார். ஆண்டாயி அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அரியமுத்துவுக்கு ஒரு கண் மிச்சம் இருந்ததே. நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து அந்தக் கண்ணால் கவியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு மட்டுமா எரியும், அவனுக்கும் எரிந்தது.

அவள் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் காய்ச்சல் வந்து போனார் என்றுதான் கவியாவிடம் ஊரே சொல்லிவைத்திருக்கிறது. இதுவரைக்கும் ஒரு வாய்கூடத் தவறவில்லை. அந்த ஊர் வாய்களுக்கு அது பெரிய காரியம். நடந்தது இது. பள்ளிக்கூட லீவு, முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம், நடுப்பகல். ஆண்டாயி கொட்டை பொறுக்கிவிட்டு வந்து அடிபம்புக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். கவியா கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளாக வைத்திருந்ததைக் கேட்டாள்.

"நான் சிரிச்சா நீ செத்துடுவியாப்பா?"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அரியமுத்துவுக்கு எல்லாக் கணக்கும் தெரியும். நெல் தூரமும் தெரியும், பக்கத்துச் சிரிப்பின் வேகமும் தெரியும். "அதெல்லாம் பழைய கதை கண்ணு. அப்பவே நின்னுபோச்சு. பாக்கிறியா?" என்று எழுந்தான். தலையணையை வயிற்றில் கட்டினான். விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொந்தியைத் தள்ளிக்கொண்டு மந்திரி நடை நடந்தான். கவியா பயந்துபோய்க் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் குந்தி உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் கவுதாரியாகக் கத்தினான். ஒன்றேகால் வருஷம் கழித்துக் கேட்ட குரலுக்குக் காட்டிலிருந்து நிஜக் கவுதாரிகள் பதில் கொடுத்தன. மறுபடி மந்திரியானான். "என்னடா இது, இவ்வளவு பெருசா இருக்கே!" பிள்ளையின் விரல்களுக்கு நடுவில் என்னவோ பீறிட்டது. மறுபடி கவுதாரியானான், மறுபடி மந்திரி. "ஆசை யாரை விட்டுச்சு?" கவியாவின் கை இறங்கிவிட்டது. முன்பல் விழுந்த வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். "டுமீல்" என்று சொல்லிவிட்டு மல்லாந்து விழுந்து, இரண்டு காலையும் மேலே தூக்கி ஆட்டினான். அப்புறம் கால்கள் இறங்கின.

ஆண்டாயி குடத்தோடு சந்து திரும்பும்போது வீட்டிலிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் ஒன்று நின்றுவிட்டது. அவள் ஓடவில்லை. வாசலுக்கு வந்து, தரையில் கிடந்தவனின் நெஞ்சைப் பார்த்தாள். "அம்மா, இங்க பாரேன், அப்பா கவுதாரி மாதிரியே கெடக்கு!" என்று சொல்ல வந்த கவியாவுக்குச் சொல்லி முடிக்க முடியாமல் மறுபடி சிரிப்பு வந்தது. ஆண்டாயி குடத்தைச் சத்தம் வராமல் இறக்கி வைத்துவிட்டு, பிள்ளை சிரித்து முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.