நூறு மணி நேரம் ஓடவிட்ட ஹெட்போன்

"நூறு மணி நேரம் ஓடவிடுங்க. அப்புறம் பாருங்க, சும்மா கணீர்னு கேக்கும்" என்றான் கடைக்காரன். புது ஹெட்போனில் வலது பக்கம் மந்தமாக இருக்கிறது என்று மறுநாளே வந்து நின்றவளுக்கு அதுதான் பதில்.

அவள் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தினம் எட்டு மணி நேரம் மாட்டினாலும் நூறு முடியப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ ஏழு நாள்தான் கெடு. ஆசாமி நன்றாகத்தான் காது குத்தப் பார்க்கிறான்.

வழக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. காதில் விழாத இடத்தில் 'தெளிவில்லை' என்று அடிக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்றைத் தாண்டினால் கோப்பு திரும்பி வந்துவிடும். இந்த மாதம் இரண்டு திரும்பிவிட்டன. மூன்றாவதும் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். ஆபீஸ் ஹெட்போன் ஓட்டை என்றுதான் கைக்காசைப் போட்டு இதை வாங்கினாள். இதுவும் அதே லட்சணம்.

இவனிடமா ஏமாறுவது? ஹெட்போனைத் துணி அலமாரிக்குள் வைத்து இரவு பகலாகப் பாட்டை ஓடவிட்டாள். அப்படியானால் நாலு நாள் சொச்சத்தில் நூறு மணி முடிந்துவிடும். வீட்டுக்காரர் மேலும் சந்தேகம்தான். ஓடுகிற எதைக் கண்டாலும் நிறுத்துகிற கை அவருக்கு. அலமாரிக் கதவின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு நூலைக் கட்டினாள்.

"என்னையே வேவு பாக்குறியா?"

"உங்கள மட்டும்னு இல்ல. பொதுவா."

"அலமாரி பாடுது, நூல் காவல் காக்குது. நான் சட்டை எடுக்கலாமா, கூடாதா?"

"நேத்துப் போட்டதையே போடுங்க."

நூல் அறுபடவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து மாட்டினாள். வலது பக்கம் துளியும் மாறவில்லை. அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதென்று கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரன் மறுபேச்சில்லாமல் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தான். அதிலும் வலது பக்கம் மந்தம்தான்.

"உங்க சரக்கே இப்படித்தான் போல" என்றாள்.

அவன் தானே மாட்டிக் கேட்டான். பிறகு இடது பக்கம் அவளுடைய வலது காதுக்கு வரும்படி ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தான். "இப்பக் கேளுங்க."

இடது காதில் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. வலது காதில் அதே பஞ்சடைத்த சத்தம்.

அவளே ஒரு தடவை திருப்பி மாட்டிப் பார்த்தாள்; அப்போதும் மந்தம் வலது காதில்தான். மேலாளர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று ஆபீசில் எல்லோரும் இடது காதைத் திறந்தே வைத்திருப்பார்கள். பதினோரு வருடமாக வேலை பார்த்தது வலது காது ஒன்றுதான்.

"அப்ப அந்த நூறு மணி நேரம்?" குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"சில பேரு சரியாயிடுச்சுங்குறாங்க. ஹெட்போன் மாறுதா, காது பழகுதான்னு எனக்கே தெரியாதும்மா." கொஞ்சம் தயங்கினான். "வேணும்னா பணத்தத் திருப்பித் தந்துடுறேன்."

கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. இவன் அசல் ஏமாற்றுக்காரனாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள் மனதார ஆசைப்பட்டாள்.

"இன்னொரு பெட்டி பிரிங்க" என்றாள்.