நாற்பது கேலன் டாங்கி

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்களைத் திருச்சியில் ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் வேண்டியதைப் பார்த்து வாங்கினார்கள். வேண்டாததையெல்லாம் அரியலூர் வைத்திலிங்கம் வாங்கினார்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த மிலிட்டரி லாரி இஞ்சின். வீட்டில் ஒரு பழைய கார் ஏற்கெனவே நின்றது. நிலபுலன் உள்ள மனுஷனுடைய காரை மாட்டுவண்டிகள் முந்திக்கொண்டு போவது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது. பெரம்பலூரில் ஷெட் வைத்திருந்த பாவாடையைக் கூப்பிட்டு, லாரி இஞ்சினைக் காருக்குள் வைக்கச் சொன்னார். பாவாடை பட்டாளத்தில் மோட்டார் வேலை பார்த்தவன். கை சுத்தமான வேலைக்காரன். பணக்காரர்களிடம் 'முடியாது' என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராது.

இஞ்சின் ஒருவழியாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பெட்ரோல் ஊட்டுவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. காரில் இருந்த பழைய ஏற்பாடு, பின்பக்க டாங்கியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கொடுக்கிற சாது. அது லாரி இஞ்சினுக்கு எங்கே காணும்? யானைக்குச் சங்கில் பால் புகட்டுகிற கதைதான். மேடு வந்தால் வண்டி நின்றது. வைத்திலிங்கத்தின் மனைவி பூங்காவனம் இறங்கி, புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, மேடு முடிகிற வரை நடந்தாள். கார் வாங்கிய பிறகு அவள் நடந்த அளவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால்கூட நடந்ததில்லை.

"இஞ்சினோடயே ஒரு பம்பு வந்துச்சுங்களே, அதையே மாட்டிடலாங்க" என்றான் பாவாடை.

"லாரி பம்பா? நான் என்ன நெல்லு மூட்டையா ஏத்தப் போறேன்?"

"நானும் அதைத்தாங்க சொல்ல வந்தேன்" என்று பாவாடை உடனே கட்சி மாறினான். அந்தப் பம்பை யாரோ ஒரு லாரிக்காரனுக்குக் கொடுத்தும் விட்டான்.

யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ரிட்டையர்டு குமாஸ்தா ஒருவர், டாங்கியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டால் பெட்ரோல் தானாகவே இறங்கும், பம்பே தேவையில்லை என்றார். வைத்திலிங்கம் ஒரு நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"தலைக்கு மேல பெட்ரோலு, வாயில உங்க சுருட்டு. ரெண்டுல ஒண்ணை வூட்டுல வச்சுட்டு வாங்க, நான் ஏறுறேன்" என்றாள் பூங்காவனம்.

கூரை தப்பித்தது.

மறுபடி ஏலத்துக்குப் போனவர் இரண்டு பொருளோடு திரும்பினார். ஒன்று, ஆகாய விமானத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட மின்சாரப் பம்பு. மற்றொன்று, நாற்பது கேலன் பிடிக்கிற தகர டாங்கி. சர்க்கார் கூப்பனுக்கு அவருக்குக் கிடைத்த பெட்ரோல் மாசத்துக்கு நாலு கேலன். மிச்ச இடத்தில் அந்தஸ்தை ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ!

"ஏரோப்ளேன் பம்பு பூங்காவனம்! ஆகாசத்துலயே நிக்காம ஓடினது, அரியலூர் ரோட்டுலயா நிக்கப் போவுது?"

"ஆகாசத்துல மேடு பள்ளம் ஏதுங்க" என்றாள் அவள்.

டாங்கியைக் காரின் பின்னால் கட்டியாயிற்று. விமானப் பம்புக்குக் காரின் பாட்டரி பத்தவில்லை. இன்னும் இரண்டு பெரிய பாட்டரிகளைப் பாவாடை பின் சீட்டுக்கு அடியில், பூங்காவனம் கால் வைக்கிற இடத்தில் இறக்கினான். பம்பின் வேகம் இந்த இஞ்சினுக்கு அதிகம் என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் முதலாளி முகம் சுண்டிவிடுமே! குழாயில் ஒரு திருகு வைத்து, அதைப் பாதி மூடிவிட்டு, "இதை மட்டும் தொடாதீங்க" என்று மெல்லச் சொன்னான். வைத்திலிங்கத்துக்குத் தொடாதே என்றது காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை.

அவருடைய தங்கை சாந்தாவைப் பெரம்பலூரில் கொடுத்திருந்தது. சாந்தாவின் பையனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? சீர்த்தட்டுகளைக் காரில் அடுக்கிக்கொண்டு, பட்டு வேட்டியும் சுருட்டுமாக மாமன் கிளம்பினார். பம்பு ரீங்காரம் போட்டது. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அந்த நிமிஷமே போட்ட பணம் திரும்பிவிட்டது.

முதல் வளைவில் இஞ்சின் நின்றது. உள்ளே தடுப்பே இல்லாத அவ்வளவு பெரிய டாங்கியில் நாலு கேலன் பெட்ரோல், வண்டி இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் ஓடியது. குழாயின் வாய் இருந்த மூலை காய்ந்தது. நேரான பாதைக்கு வந்ததும் பெட்ரோலும் மனசு மாறித் திரும்பி வந்தது. அடுத்த வளைவில் மறுபடி அதே கூத்து. பெட்ரோல் தளும்பி ஓடுகிற சத்தம் பின் சீட்டில் இருந்த பூங்காவனத்துக்கு நன்றாகக் கேட்டது. ஏரிக்கரை வந்தபோது வைத்திலிங்கத்தின் பொறுமை போய்விட்டது.

"அந்தப் பய திருகை மூடி வச்சிருக்கான். அதான் பெட்ரோல் பத்தல" என்று இறங்கிப்போய்த் திருகை முழுக்கத் திறந்தார்.

ஆகாயத்தில் பறந்த பம்பு தன் முழு பலத்தையும் அப்போதுதான் காட்டியது. கார்புரேட்டர் பொங்கி வழிந்தது. சூடான புகைக்குழாயில் பெட்ரோல் சொட்டியது. இஞ்சின் மூடியைச் சாத்த மறந்து அவர் ஏறி உட்காரவும், முன்னால் குப்பென்று தீ பிடிக்கவும் சரியாக இருந்தது.

"தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டு வைத்திலிங்கம் குதித்து ஏரியைப் பார்த்து ஓடினார்.

பூங்காவனம் இறங்குவதற்குக் கதவில் கை வைத்தாள். அப்போது ஒன்று காதில் விழுந்தது. இஞ்சின் நின்ற பிறகும் பம்பு ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. எரிகிற அடுப்புக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறது சனியன்! குனிந்து, காலடியில் இருந்த பாட்டரியின் ஒயரை முந்தானையால் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. சீர்த்தட்டிலிருந்த வாழைப்பழத்தைக் கீழே கொட்டினாள். வெறும் தட்டால் ரோட்டோர மண்ணை வாரி வாரி இஞ்சின்மேல் போட்டாள். தீ அமுங்கியது.

வைத்திலிங்கம் மேல்துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அணைந்துபோன தீயை வீராவேசமாக அடித்தார். அடங்காமல் கிடந்த ஒரு சின்ன நாக்கு எழுந்து அவருடைய மீசையின் வலது பாதியைப் பொசுக்கிவிட்டுப் போயிற்று.

கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரன் அரியமுத்து காளைகளை நிறுத்தினான். "ஏறுங்க சாமி. மூட்டை மேல குந்திக்குங்க" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே வைத்திலிங்கத்துக்கு அதிகமாக வலித்தது.

பெரம்பலூரில் எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். சாந்தாவின் புருஷன் தர்மராஜ் கரி பூசிய மைத்துனரை மேலும் கீழும் பார்த்தான்.

"வாங்க மச்சான். ஏரோப்ளேன் எங்க எறங்குச்சு?"

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மடியை விரித்து உட்கார்ந்த மாமனின் அரை மீசையையும் பெட்ரோல் நாற்றத்தையும் கண்டு பிள்ளை வீறிட்டு அலறியது. மூன்று பேர் பிடித்து அழுத்தித்தான் மடியில் உட்காரவைக்க முடிந்தது. காது குத்தியபோது பிள்ளைக்குப் புதிதாக அழ எதுவும் மிச்சமில்லை.

சாப்பாடு முடிந்ததும் வைத்திலிங்கம் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பூங்காவனத்துக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேராகப் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். யுத்த காலத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ் இப்போது பெட்ரோலுக்குத் திரும்பியிருந்தது. டிரைவர் கருப்பண்ணன் டயரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த பஸ்ஸுக்கு எந்தப் பம்புங்க?"

"இஞ்சின் பக்கத்துலயே இருக்கற பம்புதாம்மா. இஞ்சின் ஓடுனா ஓடும், நின்னா நின்னுரும்."

"கெட்டுப் போனா?"

"உள்ள ஒரு ஜவ்வு கிழியும். இந்தாங்க, பொட்டிலயே ஒண்ணு வச்சிருக்கேன். திருச்சியில எந்தக் கடையிலயும் கிடைக்கும். மாத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. பாவாடையின் ஷெட்டுக்குப் போய் நின்றாள்.

"பஸ்ஸுல இருக்கற மாதிரி பம்பு. எட்டு கேலனுக்குச் சின்ன டாங்கி. பெட்ரோல் இங்கயும் அங்கயும் ஓடாம உள்ள தகடு வைக்கணும். அடியில கிண்ணம் மாதிரி ஒரு குழி வச்சு, குழாயை அதுல விடு. கடைசிச் சொட்டும் அங்கதான் வந்து நிக்கணும்."

"நானும் அதைத்தாங்கம்மா மொதல்லயே..."

"சொல்ல வந்தே. தெரியும். இந்தத் தடவை முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லு பாவாடை. ஒண்ணும் கொறஞ்சுடாது."

பாவாடை தலையைச் சொறிந்தான். "அந்தப் பெரிய டாங்கிய மட்டும் இதுல வைக்க முடியாதுங்கம்மா" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தான். சொன்ன பிறகும் ஷெட் இடிந்து விழவில்லை.

ஏரிக்கரையில் கிடந்த காரை மாடு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்து, அவள் சொன்னபடியே வேலை நடந்தது. சின்ன டாங்கியைப் பார்த்து வைத்திலிங்கம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டே அவர் வண்டியை எடுத்த அன்று, ஏரிக்கரை வளைவில் அது நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. அரியலூர் வந்ததும் மீசை முளைப்பதற்கு முன்பாகவே அவருக்குப் பேச்சு முளைத்துவிட்டது. குமாஸ்தாவை உட்காரவைத்து, "பம்புன்னா இஞ்சின் ஓடுனாத்தான் ஓடணும் ஓய். நான் ரொம்ப நாளா யோசிச்சுத்தான் இதை வச்சேன்" என்று விளக்கினார். உள்ளே இருந்த பூங்காவனத்தின் காதிலும் அது விழுந்தது. காபி கொஞ்சம் தாமதமாக வந்தது.

அடுத்த வாரம் கீழப்பழுவூரில் ஒரு கல்யாணம். வைத்திலிங்கம் வழி நெடுகப் பம்பின் மகிமையை எடுத்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். பூங்காவனம் பின் சீட்டில், பாட்டரிகள் இருந்த இடத்தில் காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.