கால் மணி நேரச் சாப்பாடு

எங்கள் ஊர் நகராட்சிக் கவுன்சிலில், முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் பிரிவுக்கு நான்தான் நிதி அதிகாரி. யாரையும் குளிப்பாட்டியதில்லை, யாருக்கும் ஊட்டியதில்லை. பராமரிக்கப் போகிறவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் கைபேசியால் தட்டுவார்கள். அந்த நிமிடங்கள் என் திரைக்கு வரும். எத்தனை நிமிடமோ அதற்கேற்ப பராமரிக்கப்படுபவரும் தன் பென்ஷனிலிருந்து ஒரு பங்கு கட்டவேண்டும்.

எம்ரிஸ் பியூவுக்கு எண்பத்து நாலு வயது. கார்டிஃப் நகரத்துக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், தனிக்கட்டை. அவருடைய மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி ஒதுக்கியிருந்தோம். டெலித் என்ற பெண் போய்வந்தாள். நாலு மாதமாக அவள் பதினைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரித்தேனா? இல்லை. அரை மணியைக் கால் மணியாக வெட்டினேன். மிச்ச நேரத்தில் அவளுக்கு இன்னொரு வீட்டைப் போட்டார்கள். மேலதிகாரி கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மூன்று வாரம் கழித்து டெலித் என் மேசை முன்னால் வந்து நின்றாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நெரிஸ் நீங்கதானே? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீங்க இருக்கிறதே கால் மணிதானே?"

"அது போன் சொல்ற நேரம்! அவருக்குக் காசு ஏறக்கூடாதுன்னு கால் மணியில கிளம்பிட்ட மாதிரி தட்டிட்டு, திரும்பப் போய் உக்காந்து ஊட்டுவேன். கை நடுங்குது அவருக்கு. ஒரு தட்டு முடிய முக்கா மணி ஆகும். அது என் சாப்பாட்டு நேரம், உங்க அப்பன் வீட்டு நேரமில்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்.

"இப்ப ரொட்டிய மடியில வெச்சுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுறேன். போய்ப் பாருங்க, போங்க."

மறுநாள் மதியம் எம்ரிஸ் வீட்டுக்குப் போனேன். சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து தொளதொளவென்று ஆடியது. தட்டில் ஒரு கடி கடித்த ரொட்டி, மீதியெல்லாம் தரையில்.

"டெலித் அனுப்புனாளா கண்ணு?" என்றார். "இப்பல்லாம் அவ உக்கார்றதே இல்ல. அவ மனசு நோகுற மாதிரி நான் ஏதாச்சும் உளறித் தொலைச்சிட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், பிடிபடல."

"நீங்க ஒண்ணும் சொல்லல. அவ தன் சொந்த நேரத்துலதான் உங்களோட இருந்தா. அது தெரியாம நான் நேரத்தை வெட்டி, அவளுக்கு வேற வேலையக் குடுக்க வெச்சிட்டேன். தப்பு என்னுது. மறுபடி அரை மணியாக்கிடுறேன்."

திட்டட்டும் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்போ அவளுக்கு என் மேல கோவம் இல்லியா?"

"இல்ல."

பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு. "அது போதும் கண்ணு. நல்ல வேளை, நீ வந்து சொன்னே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.