ராணி வெளியே போன நேரம்

தேனீப் பெட்டியின் மூன்றாவது சட்டத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடையின் அறைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். முட்டை இல்லை. அடுத்த சட்டத்திலும் இல்லை. ஒவ்வொரு அறையின் அடியிலும் வெள்ளை நூல் துண்டு மாதிரி நின்றிருக்க வேண்டியது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முட்டைதான் போகட்டும் என்றால், ஒரு புழுகூடக் கிடையாது. பெட்டிக்குள்ளிருந்து வழக்கமான ரீங்காரத்துக்குப் பதிலாக ஒரு முனகல் கிளம்பியது. அழுது ஓய்ந்தவர்கள் மறுபடி ஆரம்பிப்பது போல் இருந்தது.

பழத்தோட்டத்தில் எல்லோரும் அவளைப் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே வருவதற்கு முன்னால் பஞ்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே பறந்த பஞ்சு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இனி ஆலை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் இந்தத் தோட்டத்தில் கூலி. மேஸ்திரியிடம் தலையைச் சொறிந்து நின்று, வேலியோரம் இரண்டு தேனீப் பெட்டி வைக்க இடம் வாங்கிக் கொடுத்தான். முதல் தேன் மேஸ்திரி வீட்டுக்கு என்று பேச்சு.

புகை போட்டால் ஈக்கள் அடங்கும். ஆனால் இவளுக்கு இருமல் அடங்காது. அதனால் புகை இல்லாமலே பெட்டியைத் திறந்து கொட்டு வாங்கிக்கொள்வாள்.

பெட்டி விற்றவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, முட்டையே காணோம்ணே. ராணியையும் காணோம்."

"போன தடவை சட்டத்தை உருவும்போது நசுக்கிட்டியா?"

"தெரியலைண்ணே."

"சரி விடு. புதுசாப் பிறக்க ஆளில்லைன்னா, இருக்கிறதுங்க வயசாகிச் செத்துக்கிட்டே வரும். இன்னொரு பெட்டியில முட்டை இருக்கிற சட்டமா ஒண்ணு எடுத்து இதுல வை. அதுங்களே ராணியை வளர்த்துக்கும். ஆனா, சட்டத்துல இருக்கிற ஈயை உதறும்போது பார்த்து உதறு. அந்த ராணியும் இங்க வந்துட்டா ரெண்டு பெட்டியும் போச்சு."

நல்லாயிருக்கிற பெட்டியை மெதுவாகத் திறந்தாள். இதையும் கெடுத்துவிட்டால்? சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ராணி அதில் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஈக்களை உதறினாள். இமையில் ஒன்று கொட்டியது. கண் வீங்கி மூடிக்கொள்வதற்குள் சட்டத்தைக் கொண்டுபோய் ராணி இல்லாத பெட்டிக்குள் இறக்கிவிட்டாள்.

சாயங்காலம் புருஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஈக்கு ராணி தேடுறதெல்லாம் இருக்கட்டும், இந்த வீட்டு ராணி சாப்பிட்டாச்சா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "அதுங்க முட்டையை ஏத்துக்கலைன்னா?" என்று கேட்டாள்.

ஏற்றுக்கொண்டன. அடையின் ஓரத்தில் நிலக்கடலை மாதிரி ராணி அறைகள் தொங்கின. பிறகு ஒருநாள் ஓர் அறையின் நுனி, மூடி வெட்டித் திறந்தது போலத் திறந்திருந்தது; புது ராணி வெளியே வந்துவிட்டது.

"இனிமே பெட்டியில கையே வைக்காத" என்றார் பெட்டி விற்றவர். "வெயில் ஏறினதும் அது வெளிய பறந்து ஆண் ஈயோட சேர்ந்துட்டு வரணும். பெட்டி இருக்கிற இடத்தை அடையாளம் பார்த்துத்தான் திரும்பும். ஒரு முழம்கூட நகர்த்திடாத."

அன்றிலிருந்து மூட்டம். சூரியன் எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக இருந்தது. நாள் தள்ளிப்போனால் ராணி எதற்கும் உதவாது என்று கேள்விப்பட்டிருந்தாள். துணி துவைக்கும்போதும் வானத்தைப் பார்த்தாள். வாளி நிரம்பி வழிவது தெரியவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. வேலியோரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். வாசல் பலகைக்கு நீண்ட வயிற்றோடு ஒன்று வந்தது. உள்ளே ஓடியது, திரும்ப வந்தது. பறந்ததும் பெட்டியைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக ஊசலாடி, பெரிய பெரிய வட்டமாகச் சுற்றி, வெளிச்சத்தில் கரைந்துபோனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லாரி வந்தது அப்போதுதான்.

"பெட்டிக்காரி, இதையெல்லாம் எடு" என்றார் மேஸ்திரி. "காய் நல்லாப் பிடிக்கணும்னு முதலாளி வாடகைக்குத் தேனீப் பெட்டி வரவழைச்சிருக்காரு. பக்கத்துல வேற பெட்டி இருக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் சொல்றான்."

"பொழுது சாய்ஞ்சதும் எடுத்துடறேங்க. ராணி வெளிய போயிருக்கு. இப்ப எடுத்தா அதுக்கு வழி தெரியாது."

"ராணி வெளிய போயிருக்கா? எங்க, கடைக்கா?"

லாரியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஐயா, கொஞ்ச நேரம்தான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

மேஸ்திரி அவளைத் தாண்டிப் பார்த்தார். மரத்தடியில் களை பறித்துக்கொண்டிருந்த புருஷனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "உன் பொண்டாட்டி பெட்டிதானே? நீயே தூக்கு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஐயா, அவ சொல்றது..."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை வேணுமா, வேண்டாமா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஈரச் சாக்கால் வாசலை அடைத்து, பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவது போல அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தான். இன்னொரு பெட்டியை லாரிக்காரன் ஒருவன் தூக்கிப் போனான்.

"நீயும் போம்மா" என்றார் மேஸ்திரி. அவள் அசையவில்லை.

அவள் மட்டம் பார்த்துப் போட்டிருந்த கற்களின் மேலேயே கம்பெனி ஆட்கள் புதுப் பெட்டிகளை இறக்கி, வாசல் வலைகளை உருவினார்கள். பூக்களுக்குப் போயிருந்த அவளுடைய ஈக்கள் திரும்பி வரத் தொடங்கின. காற்றில் கொஞ்ச நேரம் தயங்கிச் சுற்றிவிட்டு, புது வாசலில் இறங்கின. காலில் மகரந்தத்தோடு வந்தவற்றைக் காவல் ஈக்கள் முகர்ந்து பார்த்து உள்ளே விட்டன. வெறுங்காலோடு வந்தவற்றை இறக்கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளின.

வெயில் தணியத் தொடங்கியபோது அது வந்தது. மற்றவற்றைவிட நீளமாக, பாரம் தாங்காதது போலத் தாழ்ந்து பறந்து வந்து, தன் வாசல் இருந்த இடத்தில் இறங்கியது. அவள் கை நீட்டுவதற்குள் காவல் ஈக்கள் மேலே விழுந்தன. ராணியைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக மொய்த்த உருண்டை பலகையிலிருந்து புல்லில் விழுந்தது. அவள் மண்டியிட்டு, வெறும் விரல்களால் அந்த உருண்டையைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிக்கப் பிரிக்க ஈக்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றான் கம்பெனி ஆள், அடுத்த பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தியபடி. "இதை அங்கதான் வைக்கணும்."