வான்கோழிச் சோற்றின் படம்

கல்லாவுக்கு மேலே தொங்கிய புது டிஜிட்டல் விளம்பரத் திரையை அண்ணாந்து பார்த்த லியாவ் மாமா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைச் சாப்பாடு தினமும் எங்கள் கடையில்தான்.

"ஏம்ப்பா ருய்மிங், அது வான்கோழிச் சோறா, அலிஷான் மலைப் பனிமூட்டமா?"

"பனிமூட்டத்துக்குத் தனி விலை மாமா," என்றான் என் தம்பி, கறி நறுக்குவதை நிறுத்தாமல்.

கடையே சிரித்தது. படத்தை எடுத்தவன் அவன்தான். எடுத்ததைக் குடும்பக் குழுவில் போட்டான். சித்தி, காலை வணக்கப் படங்களுக்குச் செய்வதுபோல் அதன் ஓரத்தில் தாமரைகளை ஒட்டித் திருப்பி அனுப்பினாள். என் மகள் தாமரைகளை வெட்டிவிட்டு இன்னொரு முறை அனுப்பினாள். கடைசியாக வந்ததைத்தான் நான் திரையில் ஏற்றியிருந்தேன்.

"நாளைக்கு என் போன்லேர்ந்து நேரா ஏத்திடலாம்க்கா. கேபிள் வீட்டுல கிடக்கு. நீ சூப்பைப் பாரு, பொங்குது."

அன்று மதியம் வீட்டுக்குப் போகும் வழியில், மேம்பாலத்துக்குக் கீழே, ஒரு லாரி அவன் ஸ்கூட்டரில் மோதியது.

மறுபடி கடை திறந்தபோது என் சட்டைக் கையில் தம்பிக்கான துக்கத்தின் அடையாளமாகச் சணல் துணித் துண்டு குத்தியிருந்தது. திரை அப்படியே மங்கலாக இருந்தது. அதை மாட்டிக் கொடுத்த கோ என்பவரை வரவழைத்தேன்.

"தபால்தலைய இழுத்துப் போர்வையாக்கின மாதிரி இருக்கு முதலாளியம்மா," என்றார். "ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் படம் சுருங்கும். அதை இவ்ளோ பெருசா விரிச்சா வேற எப்படி இருக்கும்? ஒரு கிண்ணம் போடுங்க, புதுசா எடுத்துடறேன்."

"வேண்டாம். இந்தக் கிண்ணம்தான் வேணும்."

"எல்லாம் ஒரே வான்கோழிதானே?"

"இது அவன் அடுக்கினது."

ருய்மிங் கறித் துண்டுகளைக் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து வைப்பான். கீழே சோறு இருப்பதே தெரியாது. நான் நறுக்கினால் தடியாக வருகிறது, அடுக்கினால் சரிந்துவிடுகிறது.

போலீஸ் கொடுத்த பையில் அவனுடைய போன் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பூட்டைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும். ஆனால் இடம் போதவில்லையென்று படங்களை அழித்துத் தள்ளுவது அவன் வழக்கம். கிண்ணத்தின் படத்தையும் அழித்திருந்தால் குழுவில் கிடக்கும் மங்கல் மட்டும்தான் மிச்சம். போனுக்குச் சார்ஜ் ஏறும்வரை கோ ஒரு சூப் குடித்தார். நான் மேசைகளைத் துடைத்தேன், துடைத்தவற்றையே திரும்பவும்.

மொத்தமே நாலைந்து படங்கள்தான் இருந்தன. சந்தைப் பூனை ஒன்று. யாருடைய வண்டியின் நம்பர் பலகையோ ஒன்று. அதற்கடுத்தது கிண்ணம்.

கோ அதைக் கேபிள் வழியாக எடுத்து, திரையின் அளவுக்குப் பொருத்தி ஏற்றினார். கறியின் மேல் எண்ணெய் மினுங்கியது. வறுத்த வெங்காயத்தின் கருகிய ஓரம்கூடத் தெரிந்தது. ஓடுகள் வரிசை பிசகாமல் இருந்தன.

திடீரென்று கோ சிரித்துவிட்டார். என் சட்டைக் கையைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"முதலாளியம்மா, அந்த முள்ளங்கியப் பாருங்க."

கிண்ணத்தின் விளிம்பில் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்த் துண்டு பாதிதான் இருந்தது. மறுபாதி இருந்த இடத்தில் பல் பதிந்த வளைவு. இத்தனை நாளும் அது வெறும் மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது.

"அதை மட்டும் ஒட்டுப் போட்டு மறைச்சிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம். இருக்கட்டும்."

மறுநாள் லியாவ் மாமா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "திருட்டுப் பய," என்று சொல்லிவிட்டு, குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

புதிதாக வருகிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள், முள்ளங்கி பாதிதான் தருவீர்களா என்று. கிண்ணத்தில் முழுத் துண்டுதான் வைக்கிறேன். படத்தில் பாதிதான் இருக்கிறது.