ஒன்பது வீசை உப்பு

எங்கள் பேட்டை ஏரிக்கரையில் மூக்கைப் பொத்தாமல் நடந்தவர் கிடையாது. பொத்திய மூக்கோடு அங்கே குப்பை கொட்டாதவரும் கிடையாது. பிள்ளைகளின் டயப்பர், மீன் செதில், கண்ணாடி உடைந்த சாமி படம், கோயிலில் நாறிப்போன மாலை, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதன்மேல் எங்கள் ஆண்கள் நின்று நிதானமாக வெற்றிலை துப்புவார்கள். சர்க்கார் நிலம் அல்லவா? சர்க்கார் நிலம் என்றால் கேட்பாரில்லாத இடம் என்பதுதான் யாங்கோனில் நாங்கள் கற்ற பாடம்.

என் பெயர் தைலம்மாள்; பர்மா வழக்கப்படி மரியாதைக்கு டோ தைலம், ஆண் என்றால் ஊ போடுவார்கள். மூலை வீடு. என் வீட்டு ஜன்னலில் ஒரு பக்கம் அம்மன் கோயில் தெரியும், மறுபக்கம் ஏரி தெரியும். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருப்பது என் குற்றமல்ல, வீட்டைக் கட்டியவன் குற்றம்.

போன செப்டம்பரில் ஏதோ ஓர் அமைப்பு வந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் பன்னிரண்டு பேரை நாள் சம்பளத்துக்கு எடுத்தது. ஏரியில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை வாரிப் போட வேண்டும், கரையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆளுக்கு அறுபது மரக்கன்று நட்டு ஆறு மாதம் காப்பாற்ற வேண்டும். பச்சை மேல்சட்டை, முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ், மத்தியானம் சோறு. பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்தக் காலத்தில் பெயர்ப் பட்டியல் என்றால் ஏன் பயம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

போனது பாப்பம்மாள் மகள் பூர்ணா மட்டும்தான். தூரக்கல்வியில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவள். தமிழைக் கேட்டால் புரியும். பேசினால் பாதி பர்மா மொழியாக வரும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைக் குழம்பைப் பூசிக்கொண்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, முதல் நாள் அவள் தெருவில் நடந்தபோது நாங்கள் என்ன பேசினோம் என்று நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. "பட்டம் படிச்சிட்டு சாக்கடை வாரப் போறா பாரு" என்றது வேறு யாரோ இல்லை, நான்தான்.

ஆனால் பெண் வாரினாள். நாங்கள் நாற்பது வருடம் கொட்டியதை ஐந்து மாதத்தில் வாரினாள். கோயிலுக்கு நேர் எதிர்ப் பகுதி அவள் பங்கு. கன்று ஒவ்வொன்றுக்கும் வட்டமாகப் பாத்தி கட்டி, வாரிய ஆகாயத்தாமரையைக் காயவைத்து ஈரம் நிற்க மேலே பரப்பினாள். மாசி பிறந்தபோது அறுபதில் ஐம்பத்தெட்டு பச்சையாக நின்றன. மேற்பார்வைக்கு வரும் பர்மாக்காரப் பெண் மா தீரி சொல்லியிருந்தாள்: ஆறு மாத முடிவில் நாற்பத்தைந்தாவது உயிரோடு இருந்தால்தான் வேலை நீடிக்கும், பன்னிரண்டு பேரில் நாலு பேரைத்தான் எடுப்பார்கள், அவர்களுக்குக் கியாக்தானுக்குத் தெற்கே ஆற்றங்கரையில் ஒரு வருடத்துக்குக் கண்டல் மரம் நடும் வேலை. பூர்ணாவுக்கு அந்த நாலில் ஒன்றாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அவள் அம்மாவுக்கும் இல்லை. அங்கேதான் வினை.

எங்கள் அம்மனுக்கு மாசித் திருவிழாவில் உப்பும் மிளகும் கொட்டுவது வேண்டுதல். உப்பு கரையக் கரைய வந்த குறையும் கரையும் என்பது நம்பிக்கை. கொட்டிய உப்பைச் சாக்கடையில் போடக் கூடாது, காலால் மிதிக்கக் கூடாது, ஏரித் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். மரு, பரு, சொறி உள்ளவர்கள் கால் வீசை கொட்டுவார்கள். கழுத்து மருவுக்காக நானும் கால் வீசைதான். பாப்பம்மாள், மகளுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று ஒன்பது வீசை, ஏறக்குறையப் பதினைந்து கிலோ, கொட்டினாள். கடைக்கார அப்துல் சமது பாய்கூட, "என்னம்மா, தெருவுக்கே ஊறுகாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துப் போட்டார். அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அந்த வருடம் உப்பு மலையாகக் குவிந்தது.

கரைக்கும் பொறுப்பு கோயில் தலைவர் ஊ சிவானந்தனுடையது. மற்ற வருடங்களில் ஆகாயத்தாமரையை விலக்கி, இடுப்பளவு சேற்றில் ஆள் இறங்கித்தான் கரைப்பார்கள். இந்த முறை கரை பாய் விரித்ததுபோல் கிடந்தது. நாலு சைக்கா ரிக்ஷாவில் மூட்டைகளை ஏற்றி, வண்டியை நேராகக் கன்றுகளின் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீருக்கு இன்னும் பத்தடி இருந்தது. அந்தப் பத்தடிக்கு அலுப்பு. காலை ஆறு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டே நான் பார்த்தேன்: பூர்ணா கட்டிய பாத்திகளில் மூட்டை மூட்டையாகக் கவிழ்த்தார்கள். உப்பு சிந்தாமல் நிற்கப் பாத்தி வசதியாகப் போயிற்று. மேலே ஆகாயத்தாமரைச் சருகை இழுத்து மூடிவிட்டு, ஊ சிவானந்தன் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துக் கும்பிட்டார். கரைத்தாயிற்றாம்!

இதை நான் மூன்று வீட்டில் சொன்னேன். பூர்ணா வீட்டில் சொல்லவில்லை. அதில் என் கால் வீசையும் இருந்ததே.

சருகின்மேல் அவள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். உப்பை வேருக்குக் கரைத்துக் கொடுத்தது அவள் கைதான். பத்தே நாளில் இலை ஓரங்கள் தீயில் காட்டியதுபோல் சுருண்டன. "தண்ணீர் ஊற்றுவதில்லையா?" என்று மா தீரி முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் பூர்ணா சருகை விலக்கிப் பார்த்தாள். மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு. நடுவே கறுப்பாகச் சிறு உருண்டைகள். கையில் அள்ளிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"டோ தைலம், இது என்ன? எலிப் புழுக்கையா?"

"ஆமா. எலிப் புழுக்கைதான். தூக்கிப் போடு, கருமம்."

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். அந்தக் கரையில் எது எது கிடந்தது என்று எனக்குத் தெரியும். அவள் என் கண்ணைப் பார்த்தபடியே மென்றாள்.

"எலிப் புழுக்கை காரமா இருக்குமா, டோ தைலம்?"

நேராக ஊ சிவானந்தன் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். போகாமல் எப்படி இருப்பது? பாப்பம்மாளும் ஓடி வந்துவிட்டாள்.

"ஊலே, ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உப்பு கொட்டினது நாங்கதான், பொண்ணு மேல தப்பில்லன்னு. அது போதும்" என்றாள் பூர்ணா. வயதில் மூத்தவரை மாமா என்பதற்கு எங்கள் பிள்ளைகள் ஊலே என்பார்கள்.

அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "அம்மன் உப்பு செடியக் கொல்லுமா? என்னா பேச்சு பேசுற?"

"கொன்னுருச்சே. வந்து பாருங்க."

"கோயில் பேர எழுதிக் குடுத்தா, நாளைக்கு சர்க்கார்காரன் இந்தப் பக்கமே வராதீங்கன்னு சொல்லுவான். ஒனக்கு வேல பெருசா, அம்மன் பெருசா? பாப்பம்மா, பொண்ண வளத்த லச்சணமா இது?"

பாப்பம்மாள் மகள் தலையிலேயே குட்டினாள். "சாமி குத்தம்டி. வாய மூடு."

"நீ எத்தன வீச போட்ட?"

"ஒம்போது."

"எதுக்கு?"

"ஒனக்கு வேல நெலைக்கணும்னு..." வாக்கியம் பாதியில் நின்றது. பூர்ணா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசலுக்கு வந்து, வாயில் ஒட்டிக்கொண்டிருந்த மிளகுத் தோலைத் துப்பிவிட்டுப் போனாள்.

அடுத்த மூன்று நாள் அவள் கரையில் குந்தியபடி, உப்புப் பொருக்கைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாக்கில் போட்டாள். கன்றுகளைக் காப்பாற்றப் பார்க்கிறாள், பாவம் என்று நினைத்தோம். மா தீரி எண்ணிப் பார்க்க வரும் நாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. எட்டுச் சாக்கையும் ஊ சிவானந்தன் வீட்டு வாசலில், கேட்டின் முழு நீளத்துக்கும் அவிழ்த்துக் கொட்டி, பாத்திபோல் அழகாகப் பரப்பி வைத்திருந்தாள். அகலம் ஐந்தடி. மனிதர் வெளியே வர வேண்டுமானால் மிதித்துத்தான் வர வேண்டும். அவர் வயிற்றுக்கு அதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

எட்டரைக்கு மா தீரி எண்ணினாள். முப்பத்து மூன்று. குறிப்பேட்டை மூடப் போனாள். பூர்ணா பர்மா மொழியில் நடந்ததைச் சொன்னாள். மா தீரிக்கு நம்பிக்கை வரவில்லை. "உப்பையா? செடிக்கா? யார் செய்வார்கள் அப்படி?" என்றாள். நியாயமான கேள்வி. அறிவுள்ளவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி.

"வாங்க, காட்டுறேன்."

தெருவே திரண்டு பின்னால் போனது. கேட்டுக்கு உள்ளே ஊ சிவானந்தன், வெள்ளைச் சட்டையும் பட்டு லுங்கியுமாக, காலைப் பூஜைக்குப் போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இது உங்கள் கோயில் உப்பா?" என்று மா தீரி கேட்டாள்.

"மதிபூ" என்றார். தெரியாது என்று சொல்வதற்கு அவருடைய பர்மா உச்சரிப்பு எப்போதுமே சுத்தம். "ஏரி மண். குப்பை வாருகிற பெண் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது."

"வேறு யாராவது பார்த்தீர்களா?" மா தீரி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் தெருவுக்கு அன்று தன் கால் விரல்மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. ஊரில் எவன் எங்கே தும்மினாலும் சொல்லும் என் வாய், பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

பூர்ணா தமிழில், நிதானமாகக் கேட்டாள்: "மண்ணுதானே, ஊலே?"

"மண்ணுதான்."

"அப்ப மிதிச்சு வாங்க."

அவர் பூர்ணாவைப் பார்த்தார், மா தீரியின் குறிப்பேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றுவார் என்று நினைத்தேன். அந்த மரியாதையாவது செய்வார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. செருப்புக் காலோடு அம்மன் உப்பின்மேல் நறநறவென்று நடந்து வெளியே வந்தார். அவர் செருப்பின் ஓரத்தில் இரண்டு மிளகு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். இந்த மனிதர் கையிலா நாற்பது வருடம் திருநீறு வாங்கினேன் என்று இருந்தது.

அப்போதுதான் பாப்பம்மாள் கத்தினாள். "அடப்பாவி மனுசா! அது என் ஒம்போது வீச!"

பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. மா தீரியின் கையைப் பிடித்துக்கொண்டு, மீன் கடையில் பேரம் பேசும் பர்மா மொழியில், உப்பு வாங்கிய கடை, கொட்டிய நாள், ஏற்றிப்போன சைக்கா, அதை ஓட்டியவன் பெயர், எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் சாமிக்குப் பயந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் உண்மை வந்தது. மா தீரி மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தாளில் மடித்துக்கொண்டாள். உப்பால் செத்த கன்றுகளைப் பூர்ணாவின் குறையாகக் கொள்ளக் கூடாது என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

நாலு பேர் பட்டியலில் பூர்ணாவின் பெயர் மூன்றாவது. கியாக்தான் பஸ்ஸில் ஏறிப் போனாள். அங்கே நடுகிற கண்டல், கடல் ஏறி வரும் உப்புத் தண்ணீரிலேயே வளரும் மரமாம்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் தெரு எங்கள் தெருவாகுமா? அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஊ சிவானந்தன் கையை உயர்த்திச் சொன்னார்: "பாத்தீங்களா அம்மன் மகிமைய? ஒம்போது வீச உப்பு போட்டா. ஆத்தா உப்புத் தண்ணிலயே வேல குடுத்துட்டா!" தலைகள் ஆடின. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் செருப்பு நடந்த நடையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அடுத்த மாசிக்கு இப்போதே சமது பாயிடம் உப்பு மூட்டை சொல்லிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கரையில் மீதிக் கன்றுகளின் நடுவே யாரோ டயப்பரை வீச ஆரம்பித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் பூர்ணா லீவில் வந்தாள். கறுத்திருந்தாள், நன்றாக இருந்தாள். ஜன்னலோரம் நின்று என் கழுத்தை உற்றுப் பார்த்தாள்.

"மரு இன்னும் போகலையா, டோ தைலம்?"

"எங்கடி போகுது."

"எலிப் புழுக்க தடவிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.